வெள்ளை ஸ்விட்ச்சின் சத்தம்

இன்று காலை லஸ் கார்னர் பக்கம் ஒரு ஜெராக்ஸ் கடையில் நின்றுகொண்டிருந்தேன். எங்கள் குடியிருப்புச் சங்கத்தின் ஆண்டுக் கூட்ட அறிவிப்பைப் பிரதி எடுக்க வேண்டும். எனக்கு முன்னால் நின்ற பெரியவருக்குக் கடைக்காரர் ஏதோ விண்ணப்பம் அடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். கீபோர்டைப் புதிதாக வாங்கியிருப்பார் போல. கீகளுக்கு அடியில் சிவப்பும் பச்சையுமாக விளக்கு எரிகிற மலிவான சரக்கு. அவர் விரல் வைத்ததும் கடை முழுக்க டிக் டிக்கென்று சத்தம். கீக்கு அடியில் இருப்பது நீல ஸ்விட்ச் என்று மனசு தானாகச் சொன்னது. அதற்குப் பின்னாலேயே உன் சிரிப்பு கேட்டது. "எத்தனை காப்பி மேடம்?" என்று அவர் மூன்று தடவை கேட்டாராம். பெரியவர்தான் என் தோளைத் தொட்டுச் சொன்னார்.

ஆமாம், நான் இன்னும் அந்தச் சங்கத்தின் செயலாளர்தான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீ போன பிறகு ராஜினாமா செய்தேன், யாருடனும் பேச்சு வார்த்தை இல்லாமல் இருந்தேன் என்றெல்லாம் எழுத ஆசைதான். அப்படி எதுவும் நடக்கவில்லை.

நீ பக்கத்து வீட்டுக்குக் குடிவந்தது ஒரு ஐப்பசி மழையில். வீட்டுச் சொந்தக்காரர் வெளிநாட்டில் இருந்தார். தரகர் மூலமாக உங்களுக்கு வாடகைக்கு விட்டார். உன் கணவருக்கு மவுண்ட் ரோடு பக்கம் மூக்குக் கண்ணாடிக் கடை. மகள் அப்போது ஒன்பதாம் வகுப்பு. பள்ளிக்கூடம் நடக்கிற தூரம், அதற்காகத்தான் மயிலாப்பூர் என்று பிறகு சொன்னாய். நீங்கள் வந்த மூன்றாம் நாள் மத்தியானம் நான் என் மொழிபெயர்ப்பு வேலையில் உட்கார்ந்திருந்தேன். என் மேஜை உங்கள் வீட்டுச் சுவரை ஒட்டிப் போட்டது. அந்தச் சுவருக்கு அப்பாலிருந்து அந்தச் சத்தம் வந்தது.

மற்றவர்களுக்கு அது வெறும் தட்டெழுத்துச் சத்தமாக இருந்திருக்கும். நான் எழுந்து சுவரில் காதை வைத்தேன். நாற்பத்தைந்து வயதில் கீபோர்டு பைத்தியம் பிடித்து அலைகிற பெண் இந்தப் பேட்டையில் நான் ஒருத்திதான் என்று எண்ணியிருந்தேன். சாதாரணக் கீபோர்டில் அடியில் இருப்பது ரப்பர். அழுத்தினால் சோற்றுக்குள் விரல் போவது போலப் போகும். எழுத்து விழுந்ததா இல்லையா என்று அது சொல்லாது. திரையைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். ஒவ்வொரு கீக்கும் அடியில் தனியாக உட்கார்ந்திருக்கிற, நிறத்தை வைத்துப் பெயர் சொல்கிற, சத்தம் போடும் ஸ்விட்ச் அப்படியல்ல. எழுத்து பதிகிற அதே கணத்தில் உள்ளே ஒரு சின்னஞ்சிறு கம்பி சொடுக்குப் போடும். விரலுக்கும் காதுக்கும் ஒரே நேரத்தில் சேதி வரும். அதைப் பழகியவர்களுக்கு மற்றதில் கை வைக்கவே பிடிக்காது.

மறுநாள் மாடிப்படியில் உன்னைப் பார்த்தேன். இரண்டு கையிலும் காய்கறிப் பை. பெயரைக்கூடக் கேட்காமல், "நீலமா?" என்றேன்.

நீ ஒரு நொடி என்னைப் பார்த்தாய். பையைப் படியில் வைத்தாய்.

"இல்லக்கா, வெள்ளை. நீலம்னா கீழ போறப்ப மட்டும்தான் சத்தம். இது மேல வரப்பவும் ஒண்ணு சொல்லும். இன்னும் கொஞ்சம் கவனிச்சுக் கேளுங்க."

எட்டு வயது இளையவள், முதல் பேச்சிலேயே என்னைத் திருத்தினாய். அங்கேயே படியில் உட்கார்ந்து அரை மணி நேரம் பேசினோம். உன் பையிலிருந்த வெண்டைக்காய் ஒவ்வொன்றாகச் சரிந்து கீழ்ப்படிக்குப் போனது.

காணொளிகளுக்கு அடியில் ஓடுமே எழுத்து, அதை அடிப்பது உன் வேலை. யாரோ ஒரு பேராசிரியர் பேசிக்கொண்டே போவார், நீ அவர் வாயைப் பார்த்தபடியே அடித்துக்கொண்டு போவாய். "கண்ணு வீடியோவுல இருக்கும்க்கா. கையை யாரு பாக்கறது? காதுதான் பாக்கணும்" என்பாய். எந்தச் சொல்லில் எழுத்து விட்டுப்போனது என்று சத்தத்தை வைத்தே கண்டுபிடிப்பாய். ஒருநாள் நான் அதை நம்பவில்லை. நீ முதுகைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்தாய். நான் ஒரு வாக்கியம் அடித்தேன். "மூணாவது வார்த்தையில தப்பு விட்டு அழிச்சீங்க, கடைசியில ஸ்பேஸ் பார் ரெண்டு தடவை" என்றாய். உன் மகள் கை தட்டினாள்.

என் ஸ்பேஸ் பார் கடகடத்துக்கொண்டிருந்ததைச் சரிசெய்தவளும் நீதான். உன் கணவர் கடையிலிருந்து கண்ணாடிச் சட்டத்துக்கான குட்டி ஸ்க்ரூ டிரைவர்களைக் கொண்டுவந்து சமையலறை மேஜையில் பரப்பி, ஸ்பேஸ் பாரைத் தாங்குகிற கம்பிக்கு அடியில் துளித் துளியாக க்ரீஸ் வைத்தாய். "சத்தம் வேற, இரைச்சல் வேறக்கா. நம்மளுக்கு வேண்டியது சத்தம். இந்தக் கடகடா நமக்கு வேணாம்." உன் கணவர் வாசலில் நின்று, "உங்க ரெண்டு பேருக்கும் ஒரு டாக்டரைப் பாக்கணும்" என்று சிரித்தார்.

ஸ்விட்ச் வாங்க ரிச்சி தெருவுக்குப் போனோமே, நினைவிருக்கிறதா? கடைக்காரர் ஏணி போட்டு ஏறி ஒரு பெட்டியை இறக்கினார். "இன்னாமா, இதுவா வோணும்? சத்தம் போடறது கீது, ஆனா யாரும் வாங்கறதில்ல. ஆபீஸ்ல திட்றாங்கன்னு திருப்பிக் குட்த்துட்றாங்க." நீ பெட்டியைப் பிரித்து, ஒவ்வொரு ஸ்விட்ச்சாகக் காதோரம் வைத்து அழுத்திப் பார்த்து, இருபதுக்கு ஒன்று என்று கழித்துப் போட்டாய். அவர் வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தார். அந்த ஸ்விட்ச்சுகளை நீயே பற்றவைத்து, என் பிறந்தநாளுக்கு ஒரு கீபோர்டு செய்து கொடுத்தாய். அதில்தான் இதை அடிக்கிறேன். அதில்தான் மற்றதையும் அடித்தேன்.

பெசன்ட் நகரில் கீபோர்டு பிரியர்கள் ஒரு காபிக் கடையில் கூடினார்கள் என்று கேள்விப்பட்டுப் போனோம். எல்லாரும் இருபத்தைந்து வயதுப் பையன்கள். சத்தமில்லாத, வெண்ணெய் மாதிரி வழுக்குகிற ஸ்விட்ச்தான் உசத்தி என்பது அவர்கள் கட்சி. "ஆன்ட்டி, சத்தம் போடற கிளிக்கியா? அது ஆரம்பத்துல எல்லாருக்கும் பிடிக்கும், அப்புறம் வளந்துடுவாங்க" என்றான் ஒருவன். நீ உன் கீபோர்டை அவன் முன்னால் நகர்த்தி, "அஞ்சு நிமிஷம் அடிப்பா, அப்புறம் பேசு" என்றாய். அவன் அரை மணி நேரம் எழுந்திருக்கவில்லை. வீட்டுக்குத் திரும்பும் ஆட்டோவில் நீ சொன்னதை அன்று பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை: "நான் ஒண்ணு செஞ்சேன்னா 'சரி, ஆச்சு'ன்னு சொல்ல ஒரு ஆள் வேணும்க்கா. வேற யாரும் சொல்றதில்ல. இதுவாவது சொல்லுது."

முதல் வருட ஒப்பந்தம்கூட இன்னும் முடியவில்லை. பக்ரீத் முடிந்து ஒரு வாரத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை மொட்டை மாடியில் சங்கக் கூட்டம். சொந்த வீட்டுக்காரர்கள் மட்டும். உங்களுக்கு அழைப்பு இல்லை. சங்கத் தலைவர் கீழ் வீட்டுக்காரர், பெரிய பதவியிலிருந்து ஓய்வு பெற்றவர். சிறு வயதிலிருந்து நான் மாமா என்று கூப்பிட்டு வருகிறவர். என் அப்பா இறந்தபோது முதல் ஆளாக வந்து நின்றவர். தண்ணீர்த் தொட்டி, காவலாளி எல்லாம் பேசி முடித்தபின் அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"ரெண்டாவது மாடியில அந்தாத்துலேர்ந்து நாள் பூரா டக்கு டக்குன்னு ஒரு சத்தம் வந்துண்டே இருக்கு. மனுஷா நிம்மதியா இருக்க முடியலை."

"எனக்குத் தலைவலியே வந்துடறது" என்றார் ஒரு மாமி. அவர் வீடு கட்டடத்தின் மறுகோடியில், மூன்றாம் மாடியில்.

"ஓனர் நம்மகிட்ட ஒரு வார்த்தை கேட்டுண்டு விட்டிருக்கணும்" என்றார் இன்னொருவர். "யாருக்கு விடறோம்னு ஒரு இது வேண்டாமா?"

"அதெல்லாம் எழுத முடியாது. எழுதற மாதிரி ஒண்ணு வேணும்" என்றார் தலைவர். பிறகு என் பக்கம் திரும்பினார். குரல் குழைந்தது. "நீ சொல்லு கொழந்தே. நீதானே பக்கத்துல இருக்கே. சத்தம் கேக்கறதா இல்லையா?"

எனக்குத் தொந்தரவு இல்லை என்கிற வாக்கியம் முழுசாக என் தொண்டையில் இருந்தது. இரண்டே இரண்டு சொல் வெளியே வந்தன. "கேக்கறது மாமா."

பொய் இல்லை, பார். அதுதான் அதிலிருக்கிற அசிங்கம். பொய் சொல்லியிருந்தால்கூட என்னைக் கொஞ்சம் மதித்திருப்பேன்.

"எழுதிக்கோங்கோ. பக்கத்தாத்துக்காரியே சொல்றா" என்றார் அவர். என்னையே எழுதச் சொன்னார். எங்கள் கட்டடத்தில் வேகமாக அடிக்கத் தெரிந்தவள் நான்தானே, அதற்காகத்தானே செயலாளர் ஆக்கினார்கள்.

எனக்கு என்ன பயம் இருந்தது என்று எத்தனையோ முறை யோசித்துவிட்டேன். என் வீடு என் பெயரில் இருக்கிறது. எனக்கு மேலே அதிகாரி இல்லை. யாரும் என்னை எதுவும் செய்திருக்க முடியாது. கொழந்தே என்று கூப்பிடுகிற நாலு பேர் முகம் சுருங்குவதைப் பார்க்க எனக்கு விருப்பமில்லை, அவ்வளவுதான். அவ்வளவு சின்ன விஷயத்துக்காகத்தான்.

செவ்வாய்க்கிழமை சாயந்திரம் உட்கார்ந்து கடிதத்தை அடித்தேன். வெளிநாட்டிலிருந்த சொந்தக்காரருக்கு. இரண்டு பத்தி. 'வேண்டுகிறோம்' என்று போட்டு அழித்தேன், 'கேட்டுக்கொள்கிறோம்' என்று போட்டேன். 'இடையூறு' என்பதை அழித்து 'சிரமம்' என்று போட்டேன். 'அடுத்த வீட்டில் வசிப்பவர் உட்படப் பலரும்' என்ற இடத்தை நாலு தடவை அழித்தேன், ஐந்தாம் தடவை விட்டுவிட்டேன். சொல்லை மென்மையாக்கினால் செயலும் மென்மையாகிவிடும் என்று நினைத்தேனோ என்னவோ.

பத்து நாள் கழித்து நீ வந்து கதவைத் தட்டினாய். கையில் தரகர் கொடுத்த நகல். முகத்தில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் எனக்கு உதவியாக இருந்திருக்கும்.

"அக்கா, அன்னிக்கு செவ்வாக்கிழமை சாயந்திரம் நீங்க அடிச்சது இதுதானா?"

"எது?" என்றேன்.

"ரெண்டு பாரா. நடுவுல ரொம்ப அழிச்சீங்க. உடம்பு கிடம்பு சரியில்லையோன்னு நினைச்சேன். வந்து கேக்கலாம்னு எழுந்தேன்கூட."

நீ காகிதத்தில் அந்த வரியின் மேல் விரலை வைத்தாய்.

"'அடுத்த வீட்டில் வசிப்பவர்'. நம்ம சுவத்துக்கு அந்தப் பக்கம் நீங்க ஒருத்தர்தானேக்கா இருக்கீங்க?"

"அவங்க சொன்னதைத்தான் அடிச்சேன்" என்றேன்.

"தெரியும்." காகிதத்தை நாலாக மடித்தாய். "கீபோர்டை மாத்திட்டா இருக்க விடுவாங்களா? பத்தாவது முடியறவரைக்குமாவது?"

கேட்டுச் சொல்கிறேன் என்றேன். நீ அதற்குக்கூடக் காத்திருக்கவில்லை. மறுநாளிலிருந்து சுவருக்கு அப்பால் சத்தம் நின்றது. கடையில் கிடைக்கிற ரப்பர் கீபோர்டு ஒன்றை வாங்கி வைத்துக்கொண்டாய். உன் வேலை மெதுவாகிவிட்டது, பிழை கூடிவிட்டது, பாதி வேலையைத் திருப்பி அனுப்புகிறார்கள் என்று உன் கணவர் படியில் ஒருநாள் சொன்னார். நான் தலைவரிடம் போனேன். "மாமா, இப்போ சத்தமே இல்லை. அவா மாத்திட்டா." அவர் செய்தித்தாளை மடிக்காமலேயே பதில் சொன்னார்: "சத்தம் மட்டுமாம்மா பிரச்னை?" அதற்கு மேல் நான் ஒன்றும் கேட்கவில்லை. இதைத்தான் உன்னிடம் வந்து சொல்லியிருக்க வேண்டும். "பேசிண்டிருக்கேன், பாக்கலாம்" என்று சொன்னேன்.

ஒப்பந்தம் முடிந்ததும் காலி செய்யச் சொல்லி சொந்தக்காரரிடமிருந்து ஒரு வரி வந்தது. நீங்கள் வீடு தேடினீர்கள். மயிலாப்பூர், மந்தைவெளி, அடையாறு, தி. நகர். போனில் எல்லாரும் நன்றாகப் பேசுவார்களாம், பெயர் சொன்னதும் வீட்டுக்கு ஆள் வந்துவிட்டது என்பார்களாம். கடைசியில் வடபழனி தாண்டி ஒரு சந்தில் வீடு கிடைத்தது. பரீட்சைக்கு ஐந்து மாதம் இருக்கும்போது உன் மகள் இரண்டு பேருந்து மாறிப் பள்ளிக்கு வரத் தொடங்கினாள். சாமான் ஏற்றுகிற அன்று நான் வேலை இருப்பதாகச் சொல்லி உள்ளேயே இருந்தேன். நீ வாசலில் நின்று, "வரேன்க்கா" என்றாய். நான் கதவை முழுதாகத் திறக்கவில்லை. பாதி திறந்து, "நல்லபடியா போயிட்டு வா" என்றேன். கல்யாணத்துக்குப் போகிறவளிடம் சொல்வது போல.

அதற்கப்புறம் பத்து மாதம் உன்னோடு பேசவில்லை. எத்தனை தடவை செய்தி எழுதி அழித்தேன் என்று உனக்குத் தெரிய வழியில்லை. சுவர் இல்லையே. நீயும் கூப்பிடவில்லை. ஒருநாள் காலை, பெசன்ட் நகரில் பார்த்தோமே, கிளிக்கி பற்றிக் கேலி செய்த பையன், அவன்தான் கீபோர்டுக் குழுவில் போட்டிருந்தான். டெங்குக் காய்ச்சல், ஆறு நாள் ஆஸ்பத்திரி, நேற்றுப் போய்விட்டாய் என்று. முதலில் அதைப் படித்துவிட்டு அடுப்பில் பால் பொங்குகிறதா என்று பார்க்கப் போனேன். பிறகுதான் உறைத்தது.

வீடு மாறியதால் நீ சாகவில்லை. கொசு எந்தப் பேட்டையிலும் கடிக்கும். இதை நான் எனக்குச் சொல்லிக்கொள்கிறேன். உண்மையும் அதுதான். ஆனால் கடைசிப் பத்து மாதத்தை உன்னிடமிருந்து நான் எடுத்துக்கொண்டேன். அதைக் கொசு செய்யவில்லை.

ஒரு வாரம் கழித்து உன் வீட்டுக்கு வந்தேன். சின்ன வீடு. கூடத்தில் பாய் விரித்திருந்தது. உன் கணவர் எழுந்து, "வாங்கக்கா, வாங்க" என்று இருக்கிற ஒரே நாற்காலியை இழுத்துப் போட்டார். சவரம் செய்யாத முகம். அவர் என்னை உட்காரவைத்த மரியாதையிலேயே எனக்கு ஏதோ தப்பாகப் பட்டது. உன் மகள் டீ கொண்டுவந்தாள். வளர்ந்துவிட்டாள், உன் புருவம் அப்படியே. டீயைக் கொடுத்துவிட்டு என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

"ஆன்ட்டி, உங்களைப் பத்தி அம்மா நிறைய சொல்வாங்க. அந்த மீட்டிங்ல எல்லாரும் ஒரு பக்கம் இருந்தப்ப, நீங்க மட்டும்தான் எழுந்து எனக்குத் தொந்தரவு இல்லைன்னு பேசினீங்களாமே."

டீ கையில் கொதித்தது. உன் கணவர் தலையை ஆட்டினார்.

"ஆமாக்கா. அங்க ஒருத்தராவது மனுஷங்களா இருந்தாங்கன்னு சொல்லிக்கினே இருப்பா."

அப்போது சொல்லியிருக்கலாம். அதற்கு இரண்டு நிமிடம்கூட ஆகியிருக்காது. அந்தப் பெண் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எல்லா வீட்டுக் கதவும் அவர்கள் பெயரைக் கேட்டு மூடிக்கொண்ட அந்த வருடத்தில் திறந்திருந்த ஒரே கதவு என்று என்னை நினைத்திருந்தாள். நான் குனிந்து டீயைக் குடித்தேன். நாக்கு வெந்தது.

ஏன் அப்படிச் சொன்னாய்? உன் மகள் ஊரை முழுக்க வெறுத்துவிடக்கூடாது என்றா? இல்லை, நான் என்றாவது வருவேன், வந்து இதைக் கேட்பேன் என்று தெரிந்தா? நீ என்னை மன்னித்தாய் என்று நினைத்துக்கொள்ள எனக்கு ஆசை. நினைக்க முடியவில்லை. மன்னித்திருந்தால் ஒரு தடவையாவது கூப்பிட்டிருப்பாய். நான் தொண்டைக்குள்ளேயே விழுங்கிய வாக்கியத்தை எப்படியோ எடுத்து உன் பிள்ளையிடம் கொடுத்துவிட்டுப் போய்விட்டாய்.

உன் வீட்டில் இப்போது வேறு குடும்பம். காலையில் மிக்ஸி, அப்புறம் பிள்ளைக்கு மிருதங்கப் பாடம், ஞாயிற்றுக்கிழமைகளில் சுவரில் துளை போடும் இயந்திரம். என் மேஜை மேலிருக்கும் பேனா அதிர்ந்து உருள்கிறது. யாருக்கும் தலைவலி இல்லை. யாரும் கடிதம் எழுதச் சொல்லவில்லை.

போன மாதம் ரம்ஜானுக்கு உன் மகள் வந்தாள். கல்லூரியில் சேர்ந்துவிட்டாள். படியேறி வரும்போது கீழ் வீட்டு மாமா யாரென்று கேட்டாராம். என் பெயரைச் சொன்னாளாம், சரி போ என்றாராம். கையில் ஒரு தூக்கு. "உங்களுக்காகத் தனி அடுப்புல, தனிப் பாத்திரத்துல, வெறும் காய்கறி போட்டு பிரியாணி பண்ணேன் ஆன்ட்டி. அம்மா இருந்திருந்தா அப்படித்தான் பண்ணியிருப்பாங்க" என்றாள். பத்து நிமிடம் இருந்துவிட்டு அப்பா கடையில் தனியாக இருக்கிறார் என்று கிளம்பிவிட்டாள்.

தூக்கைத் திறந்துவைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். பிறகு ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டேன். அதைத் திருப்பி அனுப்பும் உரிமை எனக்கு இல்லை. சாப்பிடும் உரிமையும் இல்லை.